ஏழரைக் கிலோ சால்மன்

"அம்மா, சாப்பிடாத! கீழ வை! அது அப்பாவோட மீன்!"

ஹில்லா கத்தின கத்துல மெர்வியோட கை வாய்க்குப் பாதி வழியில நின்னுச்சு. விரல்ல எண்ணெய் வழிஞ்சுது.

"எந்த மீனுடி?"

"அந்த மீன்தாம்மா. இன்னைக்கு ஆறு மணிக்கு மீன்பிடி சங்கத்துக்காரங்க அளந்து பார்க்க வர்றாங்களே... அப்பா ஏரியில பிடிச்ச ஏழரைக் கிலோ சால்மன்."

மெர்வி மெதுவா நாற்காலியில உக்காந்தா. ஆனா கையில இருந்த துண்டை மட்டும் கீழ வைக்கல.

ஹில்லாவுக்குப் பதினஞ்சு வயசு. மீனைப் புகையில வாட்டுற கிறுக்கு போன மாசந்தான் பிடிச்சுது. மைனஸ் இருபத்தாறு குளிர்ல வீட்டுக்குப் பின்னாடி தகரப் பெட்டிய வெச்சு, ஆல்டர் மரச் சீவலைப் போட்டு மூட்டுவா. முதல் மீன் கரியாச்சு. ரெண்டாவது, மேல வெந்து உள்ள ஐஸாவே இருந்துச்சு. இன்னைக்குப் பெட்டியச் சுத்தி இடுப்பளவு பனிச்சுவர் கட்டி, காத்து புகாம பண்ணினா. சூடு நின்னுச்சு. மீன் தேன் நிறத்துல இறங்குச்சு.

தப்பு நடந்தது விறகுக் கொட்டகையில. இந்த வடகோடி இனாரிப் பக்கம், எல்லாம் உறைஞ்சு கிடக்குற ஜனவரி மாசம் ஃப்ரீசருக்கு யாரு கரண்டு செலவு பண்றா? எல்லா மீனையும் பழைய பேப்பர்ல சுத்திக் கொட்டகைப் பலகையில அடுக்கிடுவாங்க. முந்தாநாள் இருட்டுல, நெத்தி விளக்கு வெளிச்சத்துல, ஹில்லா கைக்கு வந்த பொட்டலத்தை எடுத்தா. பெருசா இருக்கேன்னு சந்தோஷம் வேற! ஐஸ் உருக விட்டு, வெட்டி, உப்புல ஊற வெச்சு, எல்லாம் முடிஞ்சு, இப்ப அந்தப் பேப்பரை அடுப்புல போடப் போனப்பதான் பென்சில் எழுத்து கண்ணுல பட்டுச்சு. 'யாரும் தொடக்கூடாது. எசா.'

"அப்பா கொன்னுடுவாரும்மா."

"கொல்ல மாட்டாரு. பேச மாட்டாரு. அதான் மோசம்" மெர்வி மென்னுக்கிட்டே சொன்னா. "பாவம்டி, இருபது வருஷமா, பெரிய மீன் பிடிச்சவங்க பேரை எழுதுற அந்தக் காபிக்கடைப் பலகையில தன் பேரு வரணும்னு தவம் கிடக்குறாரு. சங்கத்துக் கலேவி தராசோட வர்றேன்னு சொன்னதுலருந்து மனுஷனுக்குச் சாப்பாடே இறங்கல. பெருமை தொண்டைய அடைக்குது போல."

"நீ ஏம்மா இன்னும் சாப்பிடுற?"

"ருசியா இருக்குடி, என்ன பண்றது? நம்ம ஏரி மீனுக்கு இவ்வளவு கொழுப்பா! தடயத்தை அழிக்கிறேன்னு வெச்சுக்கோ."

வெளிய வண்டிச் சத்தம். ரெண்டு நாளா ரோட்டுல பனி தள்ளப் போன எசா, பூட்ஸை வாசப்படியில தட்டித் தட்டி உள்ள வந்தாரு. தாடியெல்லாம் ஐஸ்.

"என்ன வாசனை?"

ஹில்லா மேஜைய மட்டும் காட்டினா. அப்புறம் ஒரே மூச்சுல சொல்லிட்டா. "அப்பா அது உங்க மீன் நான் பார்க்கல இருட்டா இருந்துச்சு என்னை மன்னிச்சிருங்கப்பா!"

எசாவோட தாடியிலிருந்து தண்ணி சொட்டுச்சு.

"தலை?"

"நாய்க்குப் போட்டுட்டேன்."

"வால்? துடுப்பு?"

"அதுவும் நாய்க்குத்தான்."

"தோல்?"

"வறண்டு போயி... அடுப்புல."

"அடையாளம் சொல்ல எதுவுமே மிச்சமில்ல?"

"இல்லப்பா" ஹில்லா தேம்பினா.

எசா நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாரு. ஒரு துண்டை எடுத்து வாயில போட்டாரு. இன்னொண்ணு. மூணாவது. ஒரு வாரமா எதையும் சரியா தொடாத மனுஷன், ரொட்டி கூட இல்லாம தின்னாரு.

"நல்லா வாட்டியிருக்க."

ஹில்லாவுக்கு அழுகை இன்னும் அதிகமாச்சு. திட்டினாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

"இங்க பாரு. ஆறு மணிக்குக் கலேவி வந்ததும் அவன் முன்னாடி உன்னைத் தாறுமாறா திட்டுவேன். இதே மாதிரி அழணும். சிரிச்சுத் தொலைச்சிடாத."

"ஏம்ப்பா... அப்ப உங்களுக்குக் கோவமே இல்லையா?"

எசா கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாரு. அப்புறம் மகளைத் தோளோட அணைச்சு, காதுல சொன்னாரு.

"கோவமா? தேஞ்ச வாலைப் பார்த்தாலே பண்ணையில வளர்த்த மீனுன்னு கலேவி கண்டுபிடிச்சிருப்பான்டா கண்ணு... அது நார்வேக் கடையில வாங்கினது!"