டவாலி கேட்ட தீர்ப்பு

2071ஆம் ஆண்டு ஆவணித் திங்கள் ஏழாம் நாள். வானம் மேகமூட்டத்துடனும் காற்று புழுக்கத்துடனும் காணப்பட்டன. அன்று மாநிலத் தலைமை நீதிபதிக்கான தேர்தல் நடைபெற்றது.

என் மகள் நறுமுகை வேறு சாதியில் மணம் புரிந்தவள். அத்திருமணத்தை ரத்து செய்யுமாறு மாப்பிள்ளையின் தந்தை தொடுத்த வழக்கு, புதிய தலைமை நீதிபதியின் முன் வரவிருந்தது. வேட்பாளர் சடகோபன் பழமையில் பற்றுடையவர். எனினும் நான் இருபத்திரண்டு ஆண்டுகள் அவருடைய நீதிமன்ற வாசலில் பெயர் கூவி ஆட்களை உள்ளே அனுப்பும் டவாலி. “உன் பொண்ணு என் பொண்ணு மாதிரி, மாசிலாமணி. கவலையை விடு” என்று அவர் கூறியிருந்தார்.

வாக்குச்சாவடியில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதிப்பெட்டி இருந்தது. அதனிடம் வழக்கைச் சொன்னால், அந்த வேட்பாளர் அளிக்கப்போகும் தீர்ப்பை அவர் குரலிலேயே பிழையின்றிக் கூறும்.

எங்கள் தெருவினர் சடகோபனின் பெட்டியிடம் கேட்க நின்றனர்.

“எங்க ஐயாவை எனக்குத் தெரியாதா? பெட்டிகிட்டப் போயி கேட்டுக்கிட்டு! போய் ஓட்டைப் போடுங்கப்பா” என்றேன்.

“டவாலி சத்தம் போட்டாச்சு, எல்லாரும் நடங்க!” என்று நகைத்தபடி சென்றனர்.

பிறரை அனுப்பிவிட்டு இறுதியில் நுழைவது என் தொழில் வழக்கம். அவ்வாறே நுழைந்தேன். நற்சொல்லை அவர் குரலில் கேட்கும் ஆசையால், பெயர் குறிப்பிடாமல் மகளின் வழக்கைச் சொன்னேன்.

“திருமணம் செல்லாது. பெண்ணைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்புக.”

“ஐயா, நான் மாசிலாமணி.”

“குரல் தெரியுது. தீர்ப்பு அதேதான்.”

என் ஒற்றை வாக்கை எதிர் வேட்பாளருக்கு அளித்துவிட்டு வெளியே வந்தேன். நறுமுகை கணவனின் கையைப் பற்றியபடி நின்றாள்.

“நம்ம தெரு மொத்தமும் ஐயாவுக்கே போட்டாச்சுப்பா. நாங்களும்தான்” என்றாள்.

ஐயா வெற்றி பெற்றதாக மாலை ஆறு மணி நான்கு நிமிடத்திற்கு அறிவித்தனர்.