தரையை அழுத்தும் கால்

"பஸ் ஓட்டுறப்ப ஒண்ணுக்கு அடக்கி அடக்கித்தானே டாக்டரம்மா இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்கிறார் ஓட்டுநர். சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறதென்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டி அவரை இழுத்து வந்தவள் மனைவி. "அதனால இல்லைங்க. சதைப் பரிசோதனையில புராஸ்டேட் புற்றுநோய்னு வந்திருக்கு. எலும்புக்குப் பரவல. ஆபரேஷன், இல்லேன்னா கதிர் சிகிச்சை பண்ணலாம்" என்கிறார் மருத்துவர். 'கடவுளே' என்று மனைவியின் உதடு மட்டும் அசைகிறது. சன்னல் வெளிச்சத்தில் ஓட்டுநரின் முகம் வெளுத்திருக்கிறது. "நல்லவேளை, ஸ்டியரிங் பிடிக்கிறப்ப சொல்லல" என்று சிரிக்கப் பார்க்கிறார். சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. மேசைக்கடியில் அவருடைய வலது கால், எதிரே ஏதோ குறுக்கிட்டுப் பிரேக்கை மிதிப்பதுபோல், தரையை அழுத்திக்கொண்டே நடுங்குகிறது. மருத்துவர் பேனாவை மூடுகிறார். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, தன் பாதத்தை அந்தப் பாதத்தின்மேல் வைக்கிறாள். "காலை எடுங்க. மெதுவாப் போலாம்."