உச்சிவேளைக் கோளாறு

“என்ன தம்பி, இன்னைக்கும் லைன் போச்சு! நீங்க வேலை கத்துக்கிட்டுத்தான் வந்தீங்களா, இல்ல எங்ககிட்டதான் கத்துக்கறீங்களா?”

போனில் சூப்பர்வைசர் அம்மாள். வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வரும் புகார் அழைப்புகளை எடுக்கும் பிரிவு எதிர்க் கட்டடத்தில் இருக்கிறது. அதற்கு அவர்தான் பொறுப்பு.

இணைப்பைப் போட்டுக் கொடுத்த இன்ஜினீயருக்கு முகம் சுண்டிப்போனது. பக்கத்தில் நின்ற கம்பெனி மேனேஜருக்கும் அந்தக் குரல் நன்றாகவே கேட்டது.

அழைப்புகள் தலைமை அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து சாலையைத் தாண்டிப் போக வேண்டும். சாலையைத் தோண்டிக் கேபிள் போட அனுமதி கிடைக்கவில்லை. அதனால் இரண்டு மொட்டைமாடியிலும் ஒவ்வொரு கருவி. ஒன்றிலிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத ஒளி, மற்றதன் லென்ஸில் போய் விழும். பேச்செல்லாம் அந்த ஒளியில்தான் போகும், குறுக்கே எதுவும் வராதவரை.

அடர்ந்த பனியில் வேலை செய்யாது என்று இன்ஜினீயர் முதலிலேயே சொல்லியிருந்தார். வெயிலில் இரும்புக் கம்பம் விரிந்து குறி தப்பியபோது கம்பத்தை மாற்றினார். லென்ஸ் முன்னால் புறா உட்காராமல் இருக்கவும் வழி செய்தார். தினமும் மத்தியானம் இணைப்பு அறுந்துபோகும் இந்தக் கோளாறு மட்டும் பிடிபடவில்லை.

“இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க” என்றார் மேனேஜர். “உங்க முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்.”

பேசினால் வேலை போய்விடும். இன்ஜினீயருக்கு அது தெரியும்.

மறுநாள் உச்சிவேளையில், கருவியின் குறிபார்க்கும் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இணைப்பு அறுந்தது. எதிர் லென்ஸ் இருந்த இடத்தில் ஒரே கறுப்பு. குடைத் துணி! அதன் ஓரத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட, தெரிந்த முகம்.

சூப்பர்வைசர் அம்மாள்!

‘தினமும் என் மானத்தை வாங்கிட்டு, கெடுக்கறதும் இவங்கதானா?’

கையும் களவுமாகப் பிடிக்க ஓடினார். சாலையைக் கடந்து, மூச்சு வாங்க மாடியேறினார்.

மொட்டைமாடிக்குப் போகும் வழியில்தான் அழைப்புகளை எடுக்கும் ஹால். ஹெட்போன்கள் மேஜைமேல் கிடந்தன. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்கள். மாசமான ஒரு பெண், வீங்கிய காலை எதிர் நாற்காலியில் நீட்டியபடி நிதானமாக மென்றுகொண்டிருந்தாள்.

“அதுக்குள்ள ரிப்பேர் பண்ண வந்துட்டீங்களா சார்?” என்றாள் ஒருத்தி. “மெதுவா பண்ணுங்க சார், புண்ணியமாப் போகும்!”

சிரிப்பு அலையடித்தது. இன்ஜினீயரின் கால் வேகம் குறைந்தது.

மேலே, கொளுத்தும் வெயிலில் அந்த அம்மாள் வேர்த்து வழிந்து நின்றிருந்தார். குடை அவர் தலைக்கு மேல் இல்லை; லென்ஸுக்கு முன்னால் இருந்தது.

இன்ஜினீயரைப் பார்த்ததும் திடுக்கிட்டார். குடையை மட்டும் எடுக்கவில்லை.

“திட்டினதுக்கு மன்னிச்சுக்குங்க தம்பி. நான் கத்தலைன்னா என்மேலதான் சந்தேகம் வரும். உங்க பொழப்புல கை வெச்சுட்டேன், தப்புதான்.”

“ஏன் மேடம் இப்படி?”

“அழைப்பு விடாம வருது. ஒரு வாய் சாப்பிட முடியலை. போன மாசம் ஒரு பொண்ணு பேசிட்டே மயங்கி விழுந்துட்டா. மேனேஜர்கிட்ட நேரம் கேட்டேன். ‘சம்பளம் வாங்கறாங்கல்ல?’ன்னுட்டார்.”

இன்ஜினீயரின் போன் அடித்தது. மேனேஜர்.

“காரணம் தெரிஞ்சுதா, இல்லையா?”

அவர் அந்த அம்மாளைப் பார்த்தார். அம்மாள் தலை குனிந்துகொண்டார்.

“தெரிஞ்சுது சார். உச்சி வெயில்ல தொடர்ந்து ஓடினா தாங்காது. தினமும் மத்தியானம் அரை மணி நேரம் நாமளே நிறுத்தி வெச்சுட்டா, மத்த நேரம் நான் பொறுப்பு.”

“மெஷினையா?”

“ஆமா சார்.”

மறுமுனையில் மேனேஜரின் குரல் சட்டென்று கனிந்தது.

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? தாராளமா நிறுத்தி வைங்க. ஓய்வு குடுக்காம வேலை வாங்கினா எதுய்யா தாங்கும்?”