சாரையின் மாலைக் கச்சேரி

பாம்புக்குக் காது கேட்காது என்று படித்தவர்களே சொல்லித் திரிவது மிகவும் வருந்தத்தக்க பிழை. பாம்பு தாடையைத் தரையில் வைத்துக் கேட்கும். பிடித்திருந்தால் ரசிக்கவும் செய்யும்.

தவளை பிடிக்கும் படிப்பை முதல் வகுப்பில் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த ஓர் இளஞ்சாரை, மாலைதோறும் குளக்கரையில் தாடையை வைத்துப் படுத்திருக்கும். குளத்தில் ஒரு கிழத் தவளை பாடும். அதைக் கேட்கும்போது, "பக்கத்துப் புற்று விரியன் மகன்கூட வேலையில சேர்ந்துட்டானாமே, உனக்கு இன்னும் கிடைக்கலையா?" என்று சித்தி காலையில் கேட்டது மறந்துபோகும்.

ஒரு நாள் தவளை சாரையைப் பார்த்துவிட்டது. பாட்டு சட்டென்று நின்றது.

"நிறுத்திடாதீங்க, பாகவதரே!" என்று சாரை பதறியது.

"நீ என்ன படிச்சிருக்கே?"

சாரைக்குப் பொய் சொல்ல வராது. "தவளை பிடிக்கிற படிப்பு."

"நல்லா இருக்குடா நியாயம்! நான் பாடணும், நீ பிடிக்கணுமா?"

"உங்களைப் பிடிச்சுட்டா அப்புறம் யார் பாட்டை நான் கேட்பேன்? நாளைக்கே எலி பிடிக்கிற வேலைக்குப் போயிடறேன்."

தவளை யோசித்தது. அதன் மூத்த மகன் நீச்சலில் பட்டம் வாங்கிவிட்டு இப்போது மரத்தில்தான் வேலை பார்க்கிறான்.

"சரி, கொஞ்சம் தள்ளியே படு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தது.

அந்த வாரமே வயல் எலிகள் குடும்பத்தோடு வளையைக் காலி செய்தன.