எல்லைக்கு இரண்டு கஜம்

"மறுபடியும் விழுந்துட்டானா?" பக்கத்து வீட்டு டார்லா பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

அடுத்த இருக்கையில் இருந்த லீலண்ட் மைதானத்தை எட்டிப் பார்த்தார். விழுந்தது அவர் மகன் வெஸ்லி. எதிரே ஒரு ஈ காக்கை இல்லை. ஆனாலும் எல்லைக்கோட்டுக்கு இரண்டு கஜம் முன்னால் பந்தைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தான்.

அமெரிக்கக் கால்பந்தின் மாநில இறுதி ஆட்டம். ஊரே கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தது. வெஸ்லி அணி ஐம்பத்தெட்டு, எதிரணி பதினாறு. அணிக்கு ஆறு பேர் மட்டும் ஆடும் இந்தச் சின்னப் பள்ளி ஆட்டத்தில் நாற்பத்தைந்து புள்ளி வித்தியாசம் வந்தால் போதும், நடுவர் அப்போதே ஆட்டத்தை முடித்துவிடுவார். பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி இன்னும் ஒரே ஒரு டச் டவுன் போட்டால் ஆறு புள்ளி, கோப்பை கையில்.

அது மட்டுமில்லை. ஒரே வருஷத்தில் அதிக டச் டவுன் போட்டவன் என்று பள்ளிச் சாதனைப் பலகையில் வெஸ்லியின் பெயரும் ஏறிவிடும். இப்போது அதில் இருப்பது கோச் ஹார்லனின் பெயர். அவர் இங்கே படித்தபோது ஏறியது, இருபது வருஷமாக இருக்கிறது.

"அதான் விஷயம்," என்றாள் டார்லா. "கோச் கையை எப்படி ஆட்டுறாரு பாரு. விழு, விழுன்னு சொல்றாரு. தன் பேரு போயிடுமேன்னு வயித்தெரிச்சல்."

"ஹார்லன் அப்படிப்பட்ட ஆள் இல்ல."

"நீ நல்லவன் லீலண்ட். அதான் உன் தலையில மொளகா அரைக்கிறாங்க."

வெஸ்லி இன்னொரு தடவையும் விழுந்தபோது லீலண்டுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதே வித்தியாசத்தில் ஆட்டம் முடிந்தது. ஊர் துள்ளிக் குதித்தது. லீலண்ட் நேராக மைதானத்தில் இறங்கினார். பையன்கள் தலையில் கொட்டிய ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட கோச் நின்றிருந்தார்.

"ஜெயிச்சதுல சந்தோஷம்தான் ஹார்லன். ஆனா என் புள்ளைக்குக் கிடைக்க வேண்டியதைத் தட்டிப் பறிச்சிட்டியே."

"நானா? ஓடு, ஓடுன்னு கத்தி என் தொண்டையே போச்சுப்பா." நிஜமாகவே குரல் கம்மியிருந்தது. "என் பேரை இறக்க ஒருத்தன் வரமாட்டானான்னு நானே ஏங்கிட்டிருக்கேன். போய் உன் புள்ளையக் கேளு."

வெஸ்லி பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கட்டில் சுற்றிய பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா விழுந்தே?"

"போட்டிருந்தா ஆட்டம் முடிஞ்சிருக்கும்ப்பா."

"முடிஞ்சா என்னடா?"

வெஸ்லி முகவாயால் எதிர்ப்பக்கம் காட்டினான். தோற்ற அணியின் இருபத்திரண்டாம் நம்பர் பையனை ஓர் ஆள் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். சட்டையெல்லாம் எண்ணெய்க் கிணற்றுக் கறை.

"அந்தப் பையன் என்னைத் துரத்தும்போதுகூட மைதான வாசலையே பார்த்துட்டிருந்தான். என்னன்னு கேட்டேன். அவங்கப்பா வேலை முடிஞ்சு நேரா வர்றாராம். கடைசி கால்வாசி ஆட்டத்துலதான் வந்து சேர்ந்தாரு. வந்த மனுஷனை உடனே திருப்பி அனுப்ப முடியுமா?"

"அதுக்காக? அவன் யாரோ, நீ யாரோ."

வெஸ்லி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். அவன் முகத்தில் துளி வருத்தம் இல்லை, சிரித்தான்.

"வாசலைப் பார்த்துக்கிட்டே ஆடுறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ப்பா. நீங்க முழுசாப் பார்த்த என்னோட முதல் ஆட்டம் இதுதானே."