திருகாணியோடு ஒரு கம்மல்

வாத்தியார் கையை நீட்டவில்லை.

பிள்ளையின் உள்ளங்கையில் ஒற்றைக் கம்மல். சிவப்புக் கல். பின்னால் திருகாணி. திருகாணியில் வெள்ளை நூல் சுற்றியிருந்தது.

"வேப்பமரத்துக்கிட்ட கெடந்துச்சு சார்."

காலைப் பிரார்த்தனை முடிந்து முந்நூறு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கை தட்டத் தயாராக.

எல்லாம் அவர் ஆரம்பித்து வைத்ததுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் நீதிபோதனை வகுப்பு அவர் பொறுப்பு. கீழே கிடந்ததை எடுத்துக் கொடுக்கிற பிள்ளையை மேடையில் ஏற்றி, பெயரைச் சொல்லி, எல்லாரையும் கை தட்டச் சொன்னார்.

முதல் வாரம் ஒரு பென்சில் வந்தது.

அடுத்த வாரம் பதினாறு பென்சில்.

ஆடி பிறப்பதற்குள் அந்த மைதானத்தில் விளையாத பொருள் இல்லை. குக்கர் விசில் கிடைத்தது. குழம்புச் சூடு ஆறாத தூக்குவாளி கிடைத்தது. ஒரே வெள்ளாட்டை ஒரே காலையில் மூன்று பேர் கண்டெடுத்தார்கள். மூவருக்கும் தட்டினார்கள். ஆட்டுக்கும் யாரோ தட்டினார்கள். நேற்று ஒரு பல்செட் கிடைத்தது. அதைத் தேடிக்கொண்டு சாயங்காலம் ஒரு பெரியவர் வாயைப் பொத்தியபடி வாசலில் வந்து நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது.

வீட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள். போடுகிறார்கள். எடுக்கிறார்கள்.

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று வந்திருந்தார்.

அகப்பட்டவள் மாரீஸ்வரி. ஆறாம் வகுப்பு. அதுவரை ஒரு துண்டு சாக்பீஸைக்கூடக் கண்டெடுக்காதவள். முந்நூறு பேரில் அப்படி நாலு பிள்ளைகள் இருந்தால் அதிகம். அவர் அதை அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

"திருகாணியோட எவ காதுலருந்துடி கம்மல் கழண்டு விழும்?" மைக்கிலேயே கேட்டார்.

கூட்டம் சிரித்தது.

"உங்கம்மா காதுலருந்து கழட்டிட்டு வந்தியா?"

"இல்ல சார். கெடந்துச்சு சார்."

"பொய் வேறயா? எங்க வீட்டுதுன்னு சொல்லு."

அவள் சொல்லவில்லை.

சொல்லும்வரை கொடிமரத்தடியில் நில் என்றார்.

முதல் மணி அடித்தது. நின்றாள். இரண்டாவது மணிக்கும் நின்றாள். வெயில் ஏறியது. சத்துணவுக்கூடத்தில் தாளிக்கிற வாசனை வந்தது.

அப்புறம் சொன்னாள்.

"எங்க வீட்டுதுதான் சார்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? உண்மையச் சொன்னா தேஞ்சா போயிருவ?"

தலையில் தட்டிக் கொடுத்தார். வீட்டில் பத்திரமாகக் கொடுத்துவிடச் சொல்லி வகுப்புக்கு அனுப்பினார். அவருக்கு மனசு நிறைந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை ராச்சாப்பாட்டில் இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

திங்கட்கிழமை சண்முகத்தாய் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். பள்ளிக்கூடம் பெருக்குகிறவள். விடியுமுன் வந்து, பிள்ளைகள் வருமுன் போய்விடுவாள். இந்த நேரத்தில் அவளை அவர் அங்கே பார்த்ததே இல்லை.

கையில் துடைப்பம். ஒரு காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தாள்.

"சார், ஒத்தக் கம்மல் ஒண்ணு யாராச்சும் எடுத்துக் குடுத்தாகளா? செவப்புக் கல்லு. காது புண்ணாயிருச்சுன்னு கழட்டி, திருகாணியையும் மாட்டி, முந்தியில முடிஞ்சு வச்சிருந்தேன். பெருக்கையில முடிச்சு அவுந்துருச்சு போல. ரெண்டு நாளா வீட்டப் பொரட்டிப் போட்டுட்டேன். எங்கம்மா போட்டது சார் அது. நூலு சுத்தியிருக்கும்."

நூல்.

அவர் கையிலிருந்த சாக்பீஸை மேஜையில் வைத்தார். பிறகு மாரீஸ்வரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

வந்து நின்றாள்.

"அன்னைக்கு நீ கொண்டாந்த கம்மல்..." என்று ஆரம்பித்தார்.

அவள் முடிக்க விடவில்லை.

"அது எங்க வீட்டுது சார்."

கண் சிமிட்டவில்லை. நாக்குக் குழறவில்லை. இவ்வளவு சுத்தமாகப் பாடம் ஒப்பிக்கிற பிள்ளைக்கு நூற்றுக்கு நூறு போடுவது அவர் வழக்கம்.

'இல்லை, நான்தான் அவளை அப்படிச் சொல்ல வைத்தேன்.' அவர் சொல்ல வேண்டியிருந்தது இந்த ஒரு வாக்கியம்தான். சண்முகத்தாய்க்கு எதிரில், இந்தப் பிள்ளைக்கு எதிரில், ஜன்னலில் அடுக்கியிருந்த நாற்பது தலைகளுக்கு எதிரில்.

முப்பத்தோரு வருஷம் நீதிபோதனை சொன்ன வாய், திறந்தது. மூடிக்கொண்டது.

"விடுங்க சார். பச்சப்புள்ள என்ன பொய்யா சொல்லப்போகுது?" என்றாள் சண்முகத்தாய். "வேற எங்கயாச்சும் கெடக்கும். பாக்குறேன்."

மரத்தடிக்குப் போனாள். துடைப்பத்தை வைத்துவிட்டுக் கையாலேயே சருகை ஒதுக்க ஆரம்பித்தாள்.

யாரும் சொல்லாமலே மாரீஸ்வரியும் பின்னால் போனாள். குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு இலையாகப் புரட்டினாள். வேருக்கடியில் விரலை விட்டுத் துழாவினாள். அவ்வளவு அக்கறையாகத் தேடுகிற ஒரு பிள்ளையை அவர் தம் சர்வீஸில் பார்த்ததில்லை.



பிறகு வராந்தாப் படி இறங்கிப் போய், மாரீஸ்வரிக்குப் பக்கத்திலேயே அவரும் தேடக் குனிந்தார்.

சண்முகத்தாய் பதறிப்போனாள்.

"ஐயோ, எனக்காக நீங்க எதுக்கு சார்..." என்றாள். கண் கலங்கிவிட்டது.

அவர் நிமிரவில்லை.