பச்சைக் கோடு

செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து விளைநிலங்களைக் கணக்கெடுப்பதுதான் மகளுக்கு வேலை. அன்று லேப்டாப்பில் அப்பாவின் நிலத்தையே காட்டினாள்.

கோடையில் காய்ந்து கிடந்த மண்ணின் நடுவே, அப்பாவின் கிணற்றிலிருந்து மெல்லிய பச்சைக் கோடு ஒன்று பக்கத்து வயலுக்குள் போனது.

"மண்ணுக்கடியில குழாய் போகுதுப்பா. அது கசியற இடத்துலதான் புல் முளைச்சிருக்கு."

அப்பாவின் முகம் கறுத்தது. கிணறு வற்றியதிலிருந்து தினமும் வந்து ஆறுதல் சொல்பவரே பக்கத்து வயல்காரர்தான்.

"அந்த ஆளை நம்பாதீங்கன்னு அப்பவே சொன்னேனே மாமா," என்றான் மருமகன். "கூடவே இருந்து குழி பறிச்சிட்டார்."

பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"உன்னைக் கூடப்பிறந்தவனா நெனச்சேனே. இப்படிப் பண்ணிட்டியே!" அப்பாவின் குரல் உடைந்தது.

வந்தவர் படத்தை உற்றுப் பார்த்தார். "சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா. என் வயலும்தான் காயுது. நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப யாரோ தோண்டியிருக்காங்க. படத்தைக் கொஞ்சம் நகர்த்தும்மா, கோடு எங்க முடியுதுன்னு பாப்போம்."

"அதெல்லாம் எதுக்கு?" மருமகன் லேப்டாப்பை மூடப் போனான். மகள் அவன் கையை விலக்கிவிட்டுப் படத்தை நகர்த்தினாள்.

கோடு அந்தக் காய்ந்த வயலை நேராகக் கடந்துபோனது. அதற்கு அப்பால் ஒரு வயல் மட்டும் பச்சைப்பசேலென்று விளைந்து நின்றது.

மேலிருந்து எடுத்த படத்தில் அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. "யாரோட வயல்மா அது?"

"எங்களோடதுப்பா," என்றாள், கணவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.